வீட்டின் மேல் லேண்ட்மார்க் முத்திரை: நியூயார்க்கில் எதிர்ப்பதா, இணங்கிப்போவதா, கோர்ட்டுக்குப் போவதா?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் குவீன்ஸில் நான்கு குடித்தனச் செங்கல் வீடு வைத்திருப்பவர். இன்னொருவர் ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு கோ-ஆப் குடியிருப்பின் போர்டு உறுப்பினர். மூன்றாமவர் ஒரு கோயில் கமிட்டியின் பொருளாளர். பழைய சர்ச் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிக் கோயிலாக்கலாமா என்பது அவர் யோசனை. மூவர் கையிலும் நகரத்தின் லேண்ட்மார்க்ஸ் பிரிசர்வேஷன் கமிஷன் சம்பந்தப்பட்ட காகிதம். காக்க வேண்டிய பழைய கட்டடம் இது என்று அறிவித்து லேண்ட்மார்க் முத்திரை குத்துவது அந்தக் கமிஷன்தான். மூவரும் பேச்சை முடித்த விதமும் ஒன்றுதான்: "பேசாம கேஸ் போட்டுடலாமா சார்?"

நான் வக்கீல் இல்லை. கட்டட வேலைகளுக்கு நகர அலுவலகங்களில் அனுமதி வாங்கித் தரும் ஆபீஸில் இருக்கிறேன். இந்த ஊரில் எங்களை எக்ஸ்பெடைட்டர், அதாவது வேலையை விரைவுபடுத்துபவர், என்பார்கள். பெயர்தான் அப்படி, பாதி நேரம் காத்துக்கிடப்பதுதான் தொழில். காத்துக்கிடந்த நேரத்தில் பார்த்ததையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். கேஸ் போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இருக்கும் ஆறு வழிகளில் கடைசியாக யோசிக்க வேண்டியது அதுதான். அதை முதல் வழியாக நினைத்துக்கொண்டு மற்ற வழிகளைத் தவறவிடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

## முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்

"எங்க பில்டிங் ஹிஸ்டாரிக்" என்று சொல்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "யார் சொன்னது?" என்பதுதான். வரலாற்று இடங்களுக்காக வாஷிங்டன் நடத்தும் தேசியப் பதிவேடு வேறு, நகரக் கமிஷனின் முத்திரை வேறு. பதிவேட்டில் பெயர் இருந்தாலும், சொந்தக் காசில் சொந்தக் கட்டடத்தை மாற்றும் தனியாரை அது தடுக்காது. தனியார் சொத்தென்றால், உரிமையாளர் எழுத்தில் மறுத்துவிட்டால் பதிவேட்டில் ஏற்றவே முடியாது. நகர முத்திரைக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. அது விழுந்தபின் ஜன்னல் மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1963 அக்டோபரில் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். ஊர் கொதித்தது. அந்தக் கொதிப்பில் 1965 ஏப்ரலில் மேயர் ராபர்ட் வாக்னர் லேண்ட்மார்க் சட்டத்தில் கையெழுத்திட்டார். கமிஷனுக்கு 11 உறுப்பினர்கள். அவர்களில் மூன்று பேராவது ஆர்க்கிடெக்டாக இருக்க வேண்டும், ஒருவர் வரலாற்றாளர், ஒருவர் ரியல் எஸ்டேட்காரர். கட்டடத்துக்கு 30 வயது ஆகியிருந்தால் போதும். தனிக் கட்டடங்களும் வரலாற்று வட்டாரங்களுக்குள் (ஒரு பகுதியையே மொத்தமாகக் காப்பில் வைப்பது) அடங்கும் வீடுகளுமாக இன்று 38,000-க்கும் அதிகமான சொத்துகள் இதன் கீழ் இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளைப் பார்க்குமுன் உங்கள் நிலையை இந்த ஐந்து கேள்விகளில் நிறுத்திப் பாருங்கள்.

- கெடு எப்போது? சில வழிகள் 120 நாளில் மூடிவிடும், சில நான்கு மாதத்தில்.
- கையை விட்டுப் போகும் காசு எவ்வளவு, கண்ணுக்குத் தெரியாத காசு எவ்வளவு? வக்கீல் பில் தெரிந்த செலவு. ஐந்து வருடம் வேலை நடக்காமல் நிற்கும் கட்டடத்தின் வரி, இன்சூரன்ஸ், நடைபாதைக்கு மேல் நிற்கும் சாரக்கொட்டகையின் வாடகை எல்லாம் தெரியாத செலவு.
- முடிவு எடுப்பவர் எதைக் கேட்பார்? ஒவ்வொரு அறையிலும் செல்லுபடியாகும் வாதம் வேறு. இதை மறந்து எல்லா இடத்திலும் ஒரே பேச்சைப் பேசித்தான் பலர் தோற்கிறார்கள்.
- தோற்றால் கையில் என்ன மிஞ்சும்?
- நாளை அதே கமிஷனிடம் போய் நிற்க வேண்டியிருக்குமா? வீட்டை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆம். கூரை, ஜன்னல், வாசற்படி ஒவ்வொன்றுக்கும்.

## வழி 1: முத்திரை விழுமுன்னே மல்லுக்கு நிற்பது

காலண்டரில் ஏற்றுவது என்று ஒரு கட்டம் உண்டு. உங்கள் கட்டடத்தை விசாரணைக்கு எடுக்கப்போகிறோம் என்று கமிஷன் வாக்கெடுத்து முடிவு செய்வது அது. 2016-ல் வந்த நகரச் சட்டத்தின்படி தனிக் கட்டடமானால் அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள்ளும், வரலாற்று வட்டாரமானால் இரண்டு வருடத்துக்குள்ளும் கமிஷன் முடிவெடுத்தாக வேண்டும். அறிவித்தபின் விஷயம் சிட்டி கவுன்சிலுக்குப் போகும். அவர்களுக்கு 120 நாள். அதற்குள் அவர்கள் மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

கமிஷன் அறையில் கட்டடத்தின் அழகும் வரலாறும்தான் பேச்சு. "என் சொத்து மதிப்பு போய்விடும்", "ஈ.எம்.ஐ. கட்ட முடியாது" என்பதை மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் சட்டம் அவர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. அங்கே எடுபடுவது வேறு வாதம்: முகப்பில் பாதி பழையது இல்லை, கார்னிஸ் (முகப்பின் உச்சியில் துருத்தும் அலங்கார விளிம்பு) 1970-களில் மாற்றியது, வாசல் வளைவு அசலே அல்ல, இதைக் கட்டிய ஆர்க்கிடெக்டின் நல்ல வேலைகள் ஏற்கனவே காப்பில் இருக்கின்றன என்பது போல. இதை உங்கள் வாயால் சொல்வதை விட, கட்டட வரலாறு தெரிந்த ஒருவர் பழைய புகைப்படங்களோடு சொல்ல வேண்டும். 1940 வாக்கில் வரிக்காக நகரம் வீடு வீடாக எடுத்த புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. உங்கள் வீட்டின் படத்தையும் தேடி எடுங்கள். சில சமயம் அதுவே உங்களுக்கு எதிராகவும் பேசும். அதை அவர்கள் காட்டுமுன் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

கவுன்சில் அறையில் காற்று வேறு பக்கம் வீசும். அங்கே வேலைவாய்ப்பு, வாடகை, வட்டாரத்தின் தேவை எல்லாம் பேசலாம். பேச வேண்டியதும் அதைத்தான். உங்கள் வட்டாரத்துக் கவுன்சில் உறுப்பினர் என்ன நினைக்கிறார் என்பதுதான் பெரும்பாலும் முடிவு. பௌவரியில் 135-ஆம் எண் கட்டடம் 1810-களில் கட்டிய செங்கல் வீடு. ஆசிய அமெரிக்கர்கள் நடத்தும் ஒரு வங்கி அதை வாங்கி அலுவலகம் கட்ட நினைத்தது. 2011 ஜூனில் கமிஷன் முத்திரை குத்தியது. முதலில் ஆதரித்த உள்ளூர் கவுன்சில் உறுப்பினர் மார்கரெட் சின் பிறகு மனம் மாறினார். செப்டம்பரில் கவுன்சில் அதை ரத்து செய்தது. வீடு இடிந்தது.

புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க் கரையில் ஆஸ்டின் நிக்கோல்ஸ் கிடங்கு இன்னும் சுவாரசியம். வடிவமைத்தவர் உல்வர்த் கட்டடத்தை வரைந்த அதே ஆர்க்கிடெக்ட் காஸ் கில்பர்ட். 2005-ல் கமிஷன் அறிவித்தது, கவுன்சில் ரத்து செய்தது, மேயர் புளூம்பெர்க் அந்த ரத்தை வீட்டோ செய்தார், கவுன்சில் வீட்டோவையும் முறியடித்தது. இவ்வளவு சண்டைக்குப் பின் நடந்தது என்ன? அந்தக் கட்டடம் இடிபடவில்லை. தேசியப் பதிவேட்டில் ஏறியது, குடியிருப்பாக மாறியது. நகரத்தின் பிடி வேண்டாம், பதிவேட்டின் வழியாக வரும் வரிச்சலுகை வேண்டும் என்ற கணக்கை அங்கே தெளிவாகப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இந்த விவகாரங்களிலேயே உரிமையாளர் தரப்பு ஆடிய கெட்டிக்கார ஆட்டம் இதுதான்.

எதிர்த்தவர்கள் எல்லாம் ஜெயித்துவிடவில்லை. பிராட்வேயில் ஸ்ட்ராண்ட் புத்தகக் கடை தன் கட்டடத்துக்குத் தானே சொந்தக்காரர். முத்திரை வந்தால் ஒவ்வொரு பழுதுக்கும் அனுமதி கேட்டுக் கடையின் குரல்வளை நெரிபடும் என்று உரிமையாளர் வெளிப்படையாகப் போராடினார். ஊரே அந்தக் கடையை நேசிக்கிறது. இருந்தும் 2019 ஜூனில் கமிஷன் ஒருமனதாக முத்திரை வைத்தது.

இந்த வழியின் மறைமுகச் செலவு ஒன்று உண்டு. காலண்டரில் ஏறியதுமே கட்டடத் துறை உங்கள் அனுமதி விண்ணப்பங்களைக் கமிஷனுக்குத் தெரிவிக்கும். 40 நாள் வரை கை கட்டப்படும். ஏற்கனவே வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு முகப்பை ராத்திரியோடு ராத்திரியாகச் சுரண்டிவிடுபவர்களும் உண்டு. 2006-ல் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் டகோட்டா லாயம் என்ற பழைய கட்டடத்தில் அதுதான் நடந்தது. சட்டப்படி தப்பிக்கலாம். அந்த வட்டாரத்தில் அடுத்த முறை எதற்காவது கம்யூனிட்டி போர்டு (வட்டார ஆலோசனைக் குழு) முன்னால் போய் நிற்கும்போது உங்கள் முகம் ஞாபகம் இருக்கும்.

## வழி 2: முத்திரையோடு குடித்தனம் நடத்துவது

பெரும்பாலானவர்களின் விதி இதுதான், அவ்வளவு மோசமும் இல்லை. வெளியே தெரியாத வேலைக்கு ஒரு சான்றிதழ், சிறு பழுதுக்கு ஒரு அனுமதி, முகப்பை மாற்றும் பெரிய வேலைக்குப் பொது விசாரணையோடு வேறு ஒரு சான்றிதழ் என்று மூன்று தினுசு. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் ஊழியர் மட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. பதினோரு பேர் முன்னால் நிற்க வேண்டியதே இல்லை.

ஜாக்சன் ஹைட்ஸ் கதைக்கு வருகிறேன். அங்கே வரலாற்று வட்டாரம் 1993-ல் வந்தது. 74-ஆம் தெருவில் நகைக்கடையும் புடவைக்கடையும் ஜொலிக்கும் இடம் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. கிழக்கே இரண்டு தெரு நடந்தால் உள்ளே வந்துவிடுகிறோம். எல்லைக் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாது, கடைப் பலகைகள் அடங்கிப்போவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மவர் ஒருவர் குளிர் தாங்காமல் நான்கு ஜன்னல்களை மாற்றிவிட்டார். பழையவை மேலே ஆறு சிறு கண்ணாடி, கீழே ஆறு என்று மரச்சட்டம் போட்டவை. புதியவை வெள்ளை வினைல், மேலே ஒரே கண்ணாடி, கீழே ஒரே கண்ணாடி. யாரோ நகரத்தின் புகார் எண் 311-க்குப் போன் செய்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

நான் போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலில் டேப் வைத்து அளந்தேன். கண்ணாடிகளைப் பிரிக்கும் அந்தக் குறுக்குச் சட்டம் ஒரு அங்குலம்கூட இல்லை. அந்த ஒரு அங்குலத்துக்காகத்தான் இத்தனை கடிதம். எங்கள் வீட்டில் சொன்னேன், நம்பவில்லை. ஆனால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தபோது ஒன்று புரிந்தது: நூறு ஜன்னல்களின் நடுவே அந்த நான்கும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. கடைசியில் அதே சட்டப் பிரிவுள்ள அலுமினிய ஜன்னலுக்கு ஊழியர் மட்டத்திலேயே அனுமதி கிடைத்தது. இரண்டு முறை ஜன்னல் வாங்கிய செலவு மட்டும் அவர் தலையில்.

மறைமுகச் செலவு இங்கே இப்படித்தான் வரும், துண்டு துண்டாக. விதிமீறல் ஒன்று நிலுவையில் இருந்தால், அதைச் சரிசெய்யும் வேலை தவிர வேறு எதற்கும் கமிஷன் பொதுவாக அனுமதி தராது. வீட்டை விற்கப் போகும் நாளில் வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் முதலில் தோண்டி எடுப்பார். பிரவுன்ஸ்டோன் (பழுப்பு மணற்கல்) முகப்பு செதில் செதிலாக உதிர்ந்தால் அதே நிறத்தில் சாந்து கலக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். அவர்கள் கூலி வேறு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நகரத்தின் சுயேச்சை பட்ஜெட் அலுவலகம் 1975 முதல் 2002 வரையிலான வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து, வரலாற்று வட்டாரங்களுக்குள் விலை கூடுதலாக இருந்ததை 2003-ல் சொன்னது. வாடகை வரும் கட்டடம் தேசியப் பதிவேட்டிலும் இருந்து, பழுதுபார்ப்பு அவர்கள் தரத்துக்கு ஒத்துப்போனால், செலவில் 20 சதவீதம் ஃபெடரல் வரியில் கழியும், ஐந்து வருடத்தில் பிரித்து. தானே குடியிருக்கும் வீட்டுக்கு மாநில அரசின் 20 சதவீதச் சலுகை உண்டு, 50,000 டாலர் வரை. ஆனால் வீடு இருக்கும் வட்டாரத்தின் வருமான நிலவரத்தையும் பார்ப்பார்கள். நகர முத்திரை மட்டும் இருந்தால் இந்த இரண்டும் தானாக வராது. என்னிடம் வந்த நான்கு குடித்தன வீட்டின் சொந்தக்காரருக்கு இது தெரியாது. பலருக்கும் தெரிவதில்லை.

## வழி 3: கஷ்ட மனு

இங்கே ஹார்ட்ஷிப் என்பார்கள். இந்த முத்திரையால் எனக்கு நியாயமான வருமானமே இல்லை, இடிக்க விடுங்கள் என்று அதே கமிஷனிடம் கேட்பது. லாப நோக்குள்ள உரிமையாளருக்கு அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது: சொத்தின் நகர மதிப்பீட்டில் ஆண்டுக்கு நிகரமாக 6 சதவீதம் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். கமிஷன் உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும். காலியாகக் கிடக்கும் வீட்டைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்றும் கணக்குப் போடும்.

முதல் அவென்யூவில், கிழக்கு 64, 65-ஆம் தெருக்களுக்கு இடையே உழைக்கும் மக்களுக்காகக் கட்டிய 15 கட்டடங்களின் தொகுதி இருக்கிறது. 1990-ல் தொகுதி முழுதும் அறிவிக்கப்பட்டபோது அன்றைய நகர வாரியம் இரண்டை மட்டும் நீக்கியது. 2006-ல் கமிஷன் அந்த இரண்டையும் மறுபடி சேர்த்தது. அதற்குச் சற்றுமுன் உரிமையாளர் நிறுவனம் அவற்றின் அலங்காரங்களை நீக்கிச் சாந்து பூசியிருந்தது. அப்படியும் முத்திரை விழுந்தது. பிறகு கஷ்ட மனு. 2014-ல் நிராகரிப்பு. ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள், முதலில் மாநிலத்தில் போய்க் கேள் என்று திருப்பி அனுப்பினார்கள். மாநிலத்தில் 2018-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. 6 சதவீதத்தை அந்த இரண்டு கட்டடத்துக்கு மட்டும் போடுவதா, தொகுதி முழுவதற்குமா என்பதும் அந்த வழக்கின் முக்கியச் சண்டை. 2006-லிருந்து 2018. எண்ணிப் பாருங்கள்.

தர்ம ஸ்தாபனங்களுக்கு வேறு அளவுகோல்: அந்தக் கட்டடத்தை வைத்துக்கொண்டு தன் அறப்பணியைச் செய்வதற்கே கடும் இடையூறா? கிரீனிச் வில்லேஜில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை இதில் ஜெயித்தது. ஓ'டூல் என்ற, கப்பல் போல வளைந்த வெள்ளைக் கட்டடத்தை இடித்துப் புது மருத்துவமனை கட்ட 2008 அக்டோபரில் 6-க்கு 4 என்று அனுமதி கிடைத்தது. 2010 ஏப்ரலில் மருத்துவமனை கடன் தாளாமல் இழுத்து மூடப்பட்டது. இடிக்க அனுமதி வாங்கிய கட்டடம் இன்றும் நிற்கிறது, வேறொரு நிறுவனத்தின் அவசர சிகிச்சை மையமாக. அனுமதி வாங்கியவர்தான் இல்லை.

மேற்கு 86-ஆம் தெருவில் வெஸ்ட் பார்க் பிரஸ்பிடீரியன் சர்ச்சுக்கு 2010-ல் முத்திரை, சபையின் எதிர்ப்பை மீறி. 2022-ல் கஷ்ட மனு. கட்டடத்தை மூன்றே கால் கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்க ஒரு பில்டர் காத்திருந்தார். ஊர்ப் பிரபலங்கள் எல்லாம் எதிர்த்துக் கிளம்ப, 2024 ஜனவரியில் சபை மனுவைத் திரும்பப் பெற்றது. இதற்கிடையே கல் உதிர்ந்து யார் தலையிலும் விழாமல் இருக்க நடைபாதை மேல் போட்ட கொட்டகை இருபது வருடத்துக்கும் மேலாக நின்றது. அந்த வாடகையைத்தான் நான் தெரியாத செலவு என்றேன்.

கணக்கு சுத்தமாக இருந்து, எண்களே உங்களுக்காகப் பேசினால் மட்டும் இந்த வழி. பொதுவாக "கஷ்டமா இருக்கு" என்பவர்களுக்கு அல்ல.

## வழி 4: மாநிலக் கோர்ட், ஆர்டிக்கிள் 78

நகர அலுவலகத்தின் முடிவை எதிர்த்து மாநில சுப்ரீம் கோர்ட்டில் போடும் மனு இது. பெயர் சுப்ரீம் என்றாலும் நியூயார்க்கில் அதுதான் கீழ் நீதிமன்றம், நம் ஆட்கள் இதில் தடுமாறுவார்கள். முடிவு வந்து நான்கு மாதத்துக்குள் போட வேண்டும். நீதிபதி கட்டடம் அழகா இல்லையா என்று பார்க்க மாட்டார். கமிஷன் மனம்போன போக்கில் முடிவெடுத்ததா, காரணம் ஏதாவது காட்டியதா என்பது மட்டும்தான். ஒரு தடி அறிக்கையைக் காரணமாகக் காட்டக் கமிஷனுக்கு எப்போதும் முடியும். அதனால் நோட்டீஸ் சரியாக வராதது, கெடு தாண்டியது போன்ற நடைமுறைப் பிழை கையில் இருந்தால் இந்த வழி நல்லது. இல்லாவிட்டால் சிரமம்.

உரிமையாளர் மாநிலக் கோர்ட்டில் ஜெயித்த பழைய உதாரணம் 1974-ல் ஒரு லூத்தரன் சபை. மேடிசன் அவென்யூவில் ஜே.பி. மார்கன் ஜூனியர் வாழ்ந்த மாளிகையில் அதன் அலுவலகம் இயங்கியது, இடம் போதவில்லை. கோர்ட் சபைக்குச் சாதகமாகச் சொன்னது. முத்திரை போயிற்று. ஆனால் அவர்கள் இடித்துக் கட்டவில்லை. 1988-ல் மார்கன் நூலகம் வாங்கியது, 2002-ல் மறுபடி முத்திரை விழுந்தது.

## வழி 5: ஃபெடரல் கோர்ட், "என் சொத்தைப் பிடுங்கிவிட்டார்கள்"

எல்லோரும் மனதில் வைத்திருக்கும் சினிமா வழக்கு இதுதான். நஷ்டஈடு கொடுக்காமல் அரசு சொத்தை எடுக்கக்கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தத்தின் கீழ் போடுவது. இதன் தலைவிதியை எழுதியது கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம்.

1967-ல் அது லேண்ட்மார்க் ஆனது. அடுத்த வருடமே பென் சென்ட்ரல் ரயில்வே, நிலையத்தின் தலைமேல் 55 மாடிக் கோபுரம் கட்ட ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. கட்டும் காலத்தில் ரயில்வேக்கு வருடம் பத்து லட்சம் டாலர், கட்டிய பிறகு குறைந்தது முப்பது லட்சம். மார்செல் பிராயர் வரைந்த இரண்டு திட்டங்களையும் கமிஷன் தள்ளியது. முதலாவதைப் பற்றி, இது அழகியல் நகைச்சுவை என்றே எழுதியது. விவகாரம் பத்தாண்டு ஓடியது. முதல் கோர்ட்டில் ரயில்வேக்கு வெற்றி, அப்புறம் எல்லா இடத்திலும் தோல்வி. ஜாக்குலின் கென்னடி ஓனாசிஸ் உட்பட ஊர்ப் பெரியவர்கள் நிலையத்துக்காக ரயிலேறி வாஷிங்டன் போனார்கள். 1978 ஜூன் 26-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று நகரத்தின் பக்கம் நின்றது.

நீதிபதி பிரென்னன் தந்த அளவுகோல் மூன்று: பொருளாதார அடி எவ்வளவு, முதலீடு செய்தபோது நியாயமாக எதை எதிர்பார்த்தீர்கள், அரசின் செயல் எந்த வகையானது. இதில் ரயில்வேயைக் கவிழ்த்தது அதன் சொந்த வாய்தான். நிலையம் இருக்கிறபடியே நியாயமான வருமானம் தருகிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். மேலே கட்ட முடியாத உயரத்தைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றி விற்கலாம் என்பதும் எதிராகப் போயிற்று. மாறுபட்டு எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நியாயமாகத்தான் படுகிறது: பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களில் நானூறு மட்டும் ஏன் ஊருக்காகச் சுமக்க வேண்டும்? நியாயமாகப் படுவது வேறு, கோர்ட்டில் நிற்பது வேறு.

ஒரு கதவு அண்மையில் திறந்தது. பென்சில்வேனியாவில் பண்ணை நிலத்தில் இருந்த குடும்ப இடுகாட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொன்ன ஊராட்சி மீதான வழக்கில், இனி மாநிலக் கோர்ட்டை முடித்துவிட்டு வர வேண்டியதில்லை, நேரே ஃபெடரலுக்கு வரலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் அவென்யூக்காரர்கள் மாட்டிக்கொண்ட பொறி இப்போது இல்லை. ஆனால் உள்ளே போனபின் அளவுகோல் அதே மூன்றுதான்.

கோயில் கமிட்டிக்காரர் மத சுதந்திரம் என்றார். பார்க் அவென்யூவில் செயின்ட் பார்த்தலோமியூ சர்ச் அதைத்தான் சொன்னது. சமூகக் கூடத்தை இடித்து 59 மாடி, அது போகட்டும் 47 மாடி அலுவலகக் கோபுரம் கட்டி, வாடகையில் தர்மம் செய்கிறோம் என்றது. 1990-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது: சட்டம் எல்லோருக்கும் பொது, இருக்கும் கட்டடத்தில் ஊழியம் நடக்காது என்று சர்ச் நிரூபிக்கவில்லை. 2000-ல் வழிபாட்டுத் தலங்களின் நிலப் பயன்பாட்டுக்கென்று தனி ஃபெடரல் சட்டம் வந்திருக்கிறது. வக்கீலிடம் அதைக் கேளுங்கள். ஆனால் அதையே மூலதனமாக வைத்துக் கட்டடம் வாங்காதீர்கள்.

## வழி 6: காற்றை விற்பது

ஏர் ரைட்ஸ். உங்கள் மனையில் சட்டப்படி கட்டக்கூடிய பரப்பில், முத்திரையால் கட்டாமல் விட்ட மிச்சத்தைப் பக்கத்து மனைக்காரருக்கு விற்பது. 1990-ல் கோர்ட்டில் தோற்ற அதே பார்த்தலோமியூ சர்ச், 2018-ல் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கிக்குச் சுமார் 50,000 சதுர அடி காற்றை 1 கோடியே 56 லட்சம் டாலருக்கு விற்றது. சர்ச்சும் நிற்கிறது, சமூகக் கூடமும் நிற்கிறது. வங்கி தன் கோபுரத்தைச் சில தெரு தள்ளிக் கட்டிக்கொண்டது.

பார்க்க இனிக்கும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. கிழக்கு மிட்டவுனில் 2017-ல் விதி மாறி லேண்ட்மார்க்குகள் அந்த வட்டாரம் முழுக்க விற்கலாம் என்றானதால்தான் அந்த விலை. அங்கேயும் விலையில் 20 சதவீதம் அல்லது சதுர அடிக்கு 61.49 டாலர், எது அதிகமோ அதை, நகரத்தின் பொது இட நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆரம்ப விதி. மற்ற இடங்களில் ஒட்டிய மனை, எதிர் மனை என்ற சின்ன வட்டத்துக்குள்தான் நெடுங்காலம் விற்க முடிந்தது. 2024 டிசம்பரில் நிறைவேறிய மண்டல விதித் திருத்தம் அந்த வட்டத்தை அகலப்படுத்தி நடைமுறையையும் எளிதாக்கியது. கட்டடத்தைத் தொடர்ந்து பராமரிப்பேன் என்ற நிரந்தரக் கடமையும் கூடவே வரும்.

இன்னொரு பொடி எழுத்து: இந்தச் சலுகை தனி லேண்ட்மார்க்குகளுக்கு. வரலாற்று வட்டாரத்துக்குள் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டுக்கு இது கிடைக்காது. ஜாக்சன் ஹைட்ஸ் நண்பர் இந்த இடத்தில் கொஞ்சம் வாடிப்போனார்.

## ஒரே பார்வையில்

| வழி | கெடு | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| முன்கூட்டி எதிர்ப்பு | காலண்டரில் ஏறியது முதல் கவுன்சிலின் 120 நாள் வரை | வரலாற்று நிபுணர், வட்டாரத்தில் கெட்ட பெயர் | கவுன்சில் உறுப்பினர் காது கொடுப்பவருக்கு |
| அனுமதியோடு வாழ்வது | கெடு இல்லை | விலை கூடிய பொருள், கைத்தொழில் கூலி | வீட்டை வைத்துக்கொள்பவருக்கு |
| கஷ்ட மனு | கெடு இல்லை | திறந்த கணக்குப் புத்தகம், பல வருடம் | எண்கள் 6 சதவீதத்துக்குக் கீழே நிற்பவருக்கு |
| ஆர்டிக்கிள் 78 | நான்கு மாதம் | தோற்றபின் அதே கமிஷன் | நடைமுறைப் பிழை கையில் இருப்பவருக்கு |
| ஃபெடரல் வழக்கு | பொதுவாக மூன்று வருடம் | பத்தாண்டு, வரி, கொட்டகை வாடகை | சொத்தே பயனற்றுப் போனவருக்கு |
| காற்றை விற்பது | கெடு இல்லை | பராமரிப்புக் கடமை, நகரத்தின் பங்கு | மிச்சப் பரப்புள்ள தனி லேண்ட்மார்க்குக்கு |

பட்டியலில் நான் சேர்க்காத ஏழாவது வழியும் நடைமுறையில் உண்டு: கவனிக்காமல் விட்டுத் தானே இடியட்டும் என்று காத்திருப்பது. மேற்கு 57-ஆம் தெருவின் விண்டர்மியர் அடுக்ககத்தைப் பழுதுபார்க்காமல் விட்ட உரிமையாளர் மீது நகரம் வழக்குப் போட்டு, 2009-ல் 11 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டது. அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

## மூவருக்கும் சொன்னது

நான்கு குடித்தன வீட்டுக்காரர் கையில் இருந்தது காலண்டர் கடிதம்தான், முத்திரை இன்னும் விழவில்லை. அன்றைக்கே கவுன்சில் உறுப்பினர் ஆபீஸுக்குப் போன் போடச் சொன்னேன். கூடவே, தேசியப் பதிவேட்டில் சேர முடியுமா என்று கணக்காளரிடம் கேட்கவும் சொன்னேன். வாடகைக் கட்டடம் என்பதால் கூரைச் செலவில் 20 சதவீதம் அவருக்குச் சின்னக் காசு இல்லை. கோ-ஆப் போர்டுக்காரருக்கு வழி 2 தவிர வேறு இல்லை. எல்லா ஜன்னலுக்கும் ஒரே மாதிரி வரைபடம் போட்டு ஒரே அனுமதியாக வாங்கிவிட்டால், அப்புறம் வீட்டுக்கு வீடு அலைய வேண்டாம்.

பொருளாளரிடம்தான் நெடுநேரம் பேசினேன். சர்ச் ஏற்கனவே தனி லேண்ட்மார்க். உள்ளே கருவறை, மண்டபம், தூண் எதற்கும் கமிஷன் குறுக்கே வராது. வழிபாட்டு இடத்தின் உட்புறத்துக்கு முத்திரை குத்தச் சட்டத்தில் இடமில்லை. கட்டட, தீயணைப்பு விதிகள்தான் அங்கே பேசும். வெளியே என்றால் கொடிமரம்கூட அனுமதிக்கு உட்பட்டது. "அப்ப கோபுரம்?" என்றார். பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து என் மேஜையில் விரித்தார். மாமல்லபுரத்து ஸ்தபதி ஒருவர் வரைந்து அனுப்பிய மூன்று நிலை ராஜகோபுரம், சர்ச்சின் கல் வாசலுக்கு மேலேயே. நல்ல கை. ஒவ்வொரு பொம்மைக்கும் நிழல்கூடப் போட்டிருந்தார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். ஸ்தபதிக்குக் கொடுத்தாயிற்று, சர்ச்சுக்கு இன்னும் இல்லை என்றார்.

சர்ச்சுக்குக் கொடுக்கும் காசோலையை இப்போதைக்கு எழுத வேண்டாம் என்றேன். கோபுரம் இல்லாத கோயிலைக் கமிட்டி ஏற்குமா என்று முதலில் ஒரு கூட்டம் போட்டுக் கேட்டுவிட்டு வரட்டும்.